எனக்குத் தண்ணி காட்டிய கோழி

எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் ஐந்து பெயர். போன கோடையில் வீட்டில் இருந்ததோ பன்னிரண்டு பேர். பயப்படாதீர்கள், மோசடி ஒன்றும் இல்லை. மீதி ஏழு பேருக்கும் இறக்கை இருந்தது.

ஒரு சேவல், ஆறு பெட்டை. எல்லாம் என் அம்மாவின் சொத்து. வீடு மணலியில். "மணலியிலயா கோழி வளர்க்கறீங்க? முட்டையில பெட்ரோல் வாசனை வராதா?" என்று தெற்கு சென்னை நண்பர்கள் அக்கறையாக விசாரிப்பார்கள். வராது ஸார். 1969-லிருந்து எங்கள் ஊரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ராத்திரி கொல்லைக் கதவைத் திறந்தால் தூரத்தில் சுவாலை தெரியும். எங்கள் கோழிகளுக்கு அதுதான் நைட் லேம்ப்.

நான் பி.காம். நாலைந்து ஆபீஸ்களில் கணக்கு எழுதி, யாருடைய கணக்கும் ஒத்துவராமல் கடைசியில் பத்திரிகைக்கு எழுத வந்தவன். பகலில் வீட்டிலேயே இருக்கும் ஆண்பிள்ளைக்கு மரியாதை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். சேவலுக்கு அடுத்த இடம் எனக்கு. அதுவாவது காலையில் கூவுகிறது. எனக்கு ஒரு காப்பிகூடப் போட வராது. கல்யாணமாகி ஒன்பது வருஷமாக இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கோழி வளர்ப்பில் தீனி ஒரு பிரச்னையே இல்லை. நொய், கம்பு, மீந்த சாதம், மீன் கழுவிய மிச்சம் என்று எதுவும் ஓடும். தண்ணீர்தான் தலைவலி. மணலியில் கோழிக்கென்ன, மனுஷனுக்கே அதுதானே தலைவலி?

எங்கள் போர்வெல் தண்ணீரைக் குடித்தால் உப்பு போட்ட மோர் மாதிரி இருக்கும், மோர் இல்லாமல். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வந்த தம்பி தன் மீட்டரை உள்ளே விட்டான். கரைந்த உப்பு லிட்டருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் மில்லிகிராம் காட்டியது. "ஸார், இதுல துணி தோய்ச்சாகூட கஷ்டம்" என்று மீட்டரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். குடிக்க, சமைக்க எல்லாமே மெட்ரோ வாட்டர்தான். லாரி வந்தால் குடத்தோடு ஓடிப் பிடித்து, நீல டிரம்மில் நிரப்பி, மூடி போட்டு, மூடி மேல் அம்மிக் குழவியை வைத்து அம்மா காவல் காப்பாள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்த அன்று, டி.வி.யில் அந்த ரயிலைப் பார்த்து அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பஞ்சத்திலும் அவளுடைய கோழிகள் மெட்ரோ வாட்டர்தான் குடித்தன.

எதில் குடித்தன என்பதுதான் கதை.

ஒரு பழைய அலுமினிய பேசின். அதில் மூன்று லிட்டர் பிடிக்கும். காலையில் அம்மா நிரப்பி வைப்பாள். முதல் கோழி குடிக்கும். இரண்டாவது கோழி விளிம்பில் ஏறி நின்று குடிக்கும். மூன்றாவது, உள்ளேயே இறங்கிக் கால் கழுவும். நாலாவது செய்வதைப் பத்திரிகையில் எழுத முடியாது. பத்து மணிக்குள் பேசின் தண்ணீர் சாம்பார் நிறத்துக்கு வந்துவிடும். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கொட்டி, கழுவி, மறுபடி நிரப்புவாள். இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவை.

கணக்குப் படித்தவனாயிற்றே, சும்மா இருக்க முடியுமா? நாலு தடவை மூன்று லிட்டர் ஆக 12 லிட்டர். ஏழு கோழியும் சேர்ந்து குடிப்பது இரண்டு லிட்டருக்குள். மீதி பத்து லிட்டரை எந்தத் தலைப்பில் எழுதுவது? 'இதர செலவுகள்'. எந்தக் கம்பெனியிலும் ஆடிட்டர் முதலில் விரலை வைக்கிற இடம்!

"அம்மா, இதுல எண்பது பர்சென்ட் வேஸ்ட்டும்மா" என்றேன்.

"குனிஞ்சு எடுத்து ஊத்தறது நானு. உனக்கு இன்னாடா வலிக்குது?" என்றாள்.

ஃபைல் க்ளோஸ்.

அந்த ஃபைலை மறுபடி திறக்க வைத்தது மே மாதத்தில் ஒரு கல்யாணம்.

*

திண்டிவனத்தில் அம்மாவின் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி ஞாயிறு சாயந்திரம் திரும்புவதாக ஏற்பாடு. அக்னி நட்சத்திரம் உச்சியில் நின்ற சமயம். சிவப்பு நிறப் பெட்டை ஒன்று, அம்மா அதைச் 'செவலை' என்பாள், ஒன்பது முட்டை மேல் அடை படுத்திருந்தது. பதினாறாவது நாள். இன்னும் ஐந்து நாளில் குஞ்சு பொரிக்க வேண்டும்.

பஸ்ஸில் ஏறியதும் அம்மா கேட்டாள்: "எதிர்வீட்டு அக்காகிட்ட தண்ணி வைக்கச் சொல்லிட்டியாடா?"

"சொல்லிட்டேம்மா" என்றேன்.

சொல்லவில்லை. முதல் நாள் ராத்திரி சொல்ல நினைத்தேன், அவர்கள் வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது. காலையில் சொல்ல நினைத்தேன், ஆட்டோ வந்துவிட்டது. பேசின் நிறையத் தண்ணீர், பக்கத்தில் ஒரு பக்கெட் என்று வைத்துவிட்டுத்தானே வந்திருக்கிறோம், ஒன்றரை நாள்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது பேசின் கவிழ்ந்து கிடந்தது. பக்கெட்டும்தான். சேவலோ, பெட்டையோ, தெருப் பூனையோ, யார் செய்த வேலை என்று தெரியாது. மற்ற ஆறும் துணி தோய்க்கும் கல்லருகே ஈர மண்ணைக் கிளறிக்கொண்டு வாயைப் பிளந்து நின்றன. செவலை மட்டும் வரவில்லை. அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கூடையில், முட்டைகளின் மேல் இறக்கையை விரித்தபடியே இருந்தது. தொட்டபோதுதான் தெரிந்தது.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முருங்கை மரத்தடியில் குழி தோண்டச் சொன்னாள். தோண்டினேன். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "மாத்தூர்ல என் தங்கச்சி வூட்டுக்கு எல்லாத்தையும் குடுத்துடலாம்னு இருக்கேன். ஒரு வாய் தண்ணி வைக்க ஆளில்லாத வூட்ல கோழி எதுக்கு?"

அப்பா தட்டைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மோரைப் பார்த்தேன்.

"ஒரு மாசம் டைம் குடும்மா" என்றேன்.

*

மறுநாளே மாதவரம் பால்பண்ணைக்குப் போனேன். கால்நடைப் பல்கலைக்கழகம் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 1989-லிருந்து அங்கே இருக்கிறது. நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கேட் அருகே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு கால்நடை டாக்டர் பொறுமையாகப் பேசினார். எழுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். ரிட்டயர் ஆனவராம்.

"கோழிக்கு வேர்க்காது தம்பி. வேர்வைச் சுரப்பியே கிடையாது. அதோட நார்மல் டெம்பரேச்சரே 41 டிகிரி செல்சியஸ். நமக்கு அவ்வளவு இருந்தா ஐஸ் ஒத்தடம் வைப்பாங்க. வெயில்ல அது உடம்புச் சூட்டைத் தணிக்க முக்கியமான வழி, வாயைத் திறந்து மூச்சிரைக்கிறதுதான். ஒவ்வொரு மூச்சுலயும் தண்ணி ஆவியாப் போவுது. போன தண்ணியைத் திருப்பிக் குடுக்கணும் இல்லே?"

அவர் சொன்னதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டேன். சாதாரண நாளில் கோழி தின்னும் தீனியின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். வளர்ந்த கோழிக்குச் சுமார் கால் லிட்டர். கடும் வெயிலில் அது இரண்டு மடங்கு ஆகலாம். முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். தண்ணீர் குறைந்தால் முதலில் நிற்பது முட்டை. (பால்காரர் தண்ணீர் கலந்தால் சண்டை போடுகிறோம். கோழி முக்கால் பங்கு கலந்தால் ஆம்லெட் என்கிறோம்.)

"பேசின் வைக்காதீங்க. எச்சம் விழுந்த தண்ணியில ரத்தக் கழிச்சல் ஒண்ணுக்கு வந்தா ஊருக்கே வரும். போர் தண்ணியும் வேணாம். உப்பு ஆயிரத்துக்குள்ள இருந்தா உத்தமம், மூவாயிரம் தாண்டினா கோழிக்கு ஆகாது. உங்களுது நடுவுல இருக்கு, கழிச்சல் தண்ணியாப் போகும்."

வரும் வழியில் மனசுக்குள் டெண்டர் விட்டாயிற்று. மொத்தம் மூன்று பார்ட்டி.

முதலாவது, கவிழ்த்து வைக்கிற டப்பா. மேலே குடுவை, கீழே தட்டு. நம் வீட்டுத் தண்ணீர் கேன் வேலை செய்கிற அதே தத்துவம்தான். வெளிக்காற்றின் அழுத்தம் தட்டில் இருக்கும் தண்ணீரை அமுக்கிப் பிடிக்கும். தட்டில் தண்ணீர் இறங்கினால்தான் குடுவைக்குள் காற்று போகும், 'குபுக்' என்று கொஞ்சம் தண்ணீர் வரும். குஞ்சுகளுக்கு அருமையான சாதனம். ஆனால் தட்டு திறந்துதான் இருக்கிறது. எங்கள் சேவல் அதை ஒரே உதையில் கவிழ்த்துவிடும். செவலைக்கு நடந்த பிறகு, கவிழ்கிற எதுவும் எனக்கு வேண்டாம்.

இரண்டாவது, மணி மாதிரித் தொங்கும் பெல் டிரிங்கர். பெரிய பண்ணைக்கு லாயக்கு. ஆறு கோழிக்கு அதை வாங்குவது, ஒற்றை ஆள் ஆபீஸுக்கு லிஃப்ட் போடுவது மாதிரி. தவிர, அதிலும் தண்ணீர் திறந்தே நிற்கும். கொசுப்புழு தேடி வீடு வீடாக வரும் கார்ப்பரேஷன் தம்பி ஏற்கெனவே எங்கள் பக்கெட்டை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். டெங்குக் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதுமாம். நமக்கு பிராவிடண்ட் ஃபண்ட் பணம் வர ஆகிற நேரத்தில் அது பேரன் பேத்தி எடுத்துவிடும்.

மூன்றாவது, நிப்பிள். பெயரைக் கேட்டதும் என் மனைவி, "கோழிக்குப் பால் புட்டியா வாங்கப் போறீங்க?" என்றாள். அது இல்லை. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சின்ன சிவப்பு வால்வு. அடியில் ஓர் எஃகு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். கோழி அதைக் கொத்தினால் ஊசி நகரும், சொட்டுத் தண்ணீர் அலகில் விழும். விட்டால் மூடிக்கொள்ளும். தண்ணீர் எங்கேயும் தேங்காது, எச்சம் விழாது, கவிழாது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் லட்சக்கணக்கான கோழிகள் இப்படித்தான் குடிக்கின்றன.

நிப்பிளுக்கே டெண்டர். பாரிமுனையில் தேடி அலைந்து ஆறு நிப்பிள் வாங்கினேன். ஆறு எதற்கு, எட்டுப் பத்துக் கோழிக்கு ஒன்று போதுமே என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டுக் கோழிகள் க்யூவில் நின்று பழகாதவை என்றேன்.

*

பி.காம். படித்தவன் டிரில்லிங் மெஷினைத் தொடக்கூடாது என்று சட்டம் இல்லை. இருந்தால் நல்லது.

முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப்பில் ஆறு ஓட்டை போட்டேன். மூன்று பெரிசாகிவிட்டது. நிப்பிளை முறுக்கி, டெஃப்லான் டேப் சுற்றி, மாடி டேங்க் லைனிலேயே நேராக இணைத்தேன். வால்வைத் திறந்தேன். ஆறு நிப்பிளும் ஆறு திசையில் பீய்ச்சி அடித்தன. சேவல் மதில் மேல் ஏறிக்கொண்டது.

ஈஸி சேரில் இருந்தபடி அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "கோழிக்குத் தாகமா, கொட்டகைல தீயா?"

அப்பா மணலித் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்துச் சொச்சம் வருஷம் ஃபிட்டர். பைப் என்றால் அவருக்கு ரத்த சம்பந்தம். ரிட்டயரான பிறகு வீட்டில் ஒரு குழாய்கூட ஒழுகவில்லையே என்று உள்ளூர அவருக்கு ஒரு குறை.

எழுந்து வந்தார். நான் போட்ட பைப்பைக் கையில் எடுத்து, தமிழ் வாத்தியார் என் பரீட்சைப் பேப்பரைப் பார்த்த மாதிரி பார்த்தார். ஓரமாக வைத்தார். புதுப் பைப்.

"மாடியிலேர்ந்து வர்ற பிரஷர் இதுக்கு எதுக்குடா? இந்த ஊசி ஒரு அடி, ரெண்டு அடி உசரத்துத் தண்ணிக்குத்தான் கேக்கும்" என்றவர், காலியான பெயிண்ட் பக்கெட் ஒன்றைக் கழுவோ கழு என்று கழுவி எடுத்து வந்தார். இருபது லிட்டர், மூடி போட்டது. நான் பழைய தண்ணீர் கேன் போதுமே என்றேன். "கண்ணாடி மாதிரி இருந்தா வெயில் பட்டுப் பாசி பிடிக்கும். பாசி ஊசியில அடைச்சா கொத்திக்கினே இருக்கும், தண்ணி வராது." வாயில் மெல்லிய துணி கட்டி வடிகட்டினார். பைப்பை முருங்கை நிழலில் ஓட்டி, மேலே ஈரச் சாக்கு சுற்றினார். பைப் சுட்டால் தண்ணீர் சுடும், சுடு தண்ணீரைக் கோழி குடிக்காது.

வேலை செய்துகொண்டே அப்பா வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். "மெட்ராஸ்ல தண்ணிப் பஞ்சம்னா எங்க ஃபேக்டரிகளுக்குத்தான்டா முதல்ல கை நடுங்கும். தொண்ணூறுகள் ஆரம்பத்துலயே சாக்கடைத் தண்ணியை வாங்கிச் சுத்தம் பண்ணி மெஷினுக்கு விட்டாங்க தெரியுமா? இப்ப கொடுங்கையூர்ல 2019-லேர்ந்து ஒரு பிளான்ட்டு. ஒரு நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர் சாக்கடைத் தண்ணியைச் சுத்திகரிச்சு மணலிக் கம்பெனிங்களுக்கு அனுப்பறதுக்குன்னே கட்டினது. காட்டுப்பள்ளியில 2010-லேர்ந்து கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கறான். பத்துக் கோடி லிட்டர் பிளான்ட்டு. இவ்ளோ பைப் ஓடற ஊர்ல நம்ம வீட்டுக் கோழி தண்ணி இல்லாம செத்துச்சு பாரு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பைப்பைத்தான் பார்த்தார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் சிஸ்டம் ரெடி. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. நிப்பிளின் உயரம், கோழி கழுத்தை லேசாக நிமிர்த்திக் கொத்துகிற அளவு. செலவு 840 ரூபாய். ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்து ஸ்ட்ரெய்ட் லைன் முறையில் தேய்மானம் போட்டால் வருஷத்துக்கு 168 ரூபாய். அம்மாவிடம் சொன்னேன்.

"கோழி குடிக்குமா?" என்றாள்.

பி.காம். சிலபஸில் அந்தக் கேள்வி இல்லை.

*

குடிக்கவில்லை.

பேசினை எடுத்து ஒளித்துவிட்டு மறைந்து நின்று பார்த்தேன். ஆறு பேரும் பேசின் இருந்த இடத்துக்கு வந்தார்கள். வட்டமான ஈரத் தடத்தை மட்டும் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். போனஸ் கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் படித்த ஊழியர்கள் மாதிரி ஓரமாகப் போய் நின்றார்கள்.

தட்டிக் காட்டினால் புரியும் என்று குந்தி உட்கார்ந்து, "பா... பா... பா..." என்று விரலால் ஊசியைத் தட்டினேன். சொட்டு விழுந்தது. கோழிகள் என் விரலைப் பார்த்தன. அலகு மாதிரி இருந்தால் புரியுமோ என்று தலையைச் சாய்த்து, வாயைக் கொண்டுபோய்... அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, வீட்ல டம்ளர் இல்லியா?"

இரண்டு மணி வெயிலில் கோழிகள் வாயைப் பிளக்க ஆரம்பித்தன. எனக்கு அடிவயிறு கலங்கியது. செவலை கண்ணுக்குள் வந்து போயிற்று. அம்மா ஒன்றும் பேசாமல் பேசினைத் தேடி எடுத்து, தண்ணீர் ஊற்றி, பைப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள். ஆறும் பாய்ந்தன.

"பழசைப் பிடுங்கிட்டுப் புதுசைக் கத்துக்கோன்னா யாருடா கத்துப்பாங்க? ரெண்டும் இருக்கட்டும். பழசைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறை. உன்னைத் தாய்ப்பால் மறக்க வெச்சது நான். எனக்குத் தெரியாதா?"

இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒரே ராத்திரியில் லெட்ஜரை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். திங்கட்கிழமை காலை இளவட்டங்கள் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஹெட்கிளார்க் மட்டும் டிராயருக்குள் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ரகசியமாகக் கணக்கு எழுதினார். கம்ப்யூட்டரில் தவறு வந்தபோதெல்லாம் மேனேஜர் ஓடியது அந்த டிராயரைத் தேடித்தான் என்பது வேறு விஷயம்.

அம்மாவின் திட்டப்படி முதல் மூன்று நாள் இரண்டும் இருந்தன. நாலாம் நாளிலிருந்து பேசின் காலையில் இல்லை. மத்தியானமும் சாயந்திரமும் மட்டும். ஐந்தாம் நாள் காலை, கூட்டத்திலேயே சின்னதான ஐந்து மாசத்துப் பெட்டை, துறுதுறுவென்று எதையும் கொத்துகிற ரகம், சிவப்பாக இருக்கிறதே என்று நிப்பிளைக் கொத்தியது. சொட்டு விழுந்தது. திடுக்கிட்டது. தலையை நிமிர்த்தி விழுங்கியது. (கோழிக்கு நம்மைப்போல் உறிஞ்ச வராது. அலகில் அள்ளி, தலையைத் தூக்கித்தான் உள்ளே இறக்க வேண்டும். கோழி ஒவ்வொரு வாய்க்கும் வானத்தைப் பார்க்கிறதே, அதற்குக் காரணம் பக்தி இல்லை.) மறுபடி கொத்தியது. மறுபடி. 'டிக் டிக் டிக்' என்று டைப்ரைட்டர் மாதிரி சத்தம்.

பக்கத்தில் இருந்த இரண்டு கழுத்தை நீட்டிப் பார்த்தன. மத்தியானத்துக்குள் மூன்று பேர் டைப் அடித்தார்கள். மறுநாள் சேவலும். தலைவர் கடைசியில் கற்றுக்கொண்டு முதலிலேயே தெரியும் என்கிற மாதிரி நடப்பது எல்லா ஆபீஸிலும் உண்டு.

ஆறில் ஐந்து பாஸ். ஒன்று ஃபெயில்.

கருப்பி. அம்மாவின் முதல் கோழி. வயசு ஆறுக்கு மேல். முட்டை இடுவதை எப்போதோ நிறுத்திவிட்ட பென்ஷனர். அது பைப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேசினை முழுதாக எடுத்த அன்று, காலையிலிருந்து சாயந்திரம் வரை அம்மாவின் புடவைத் தலைப்புக்குப் பின்னாலேயே "கொக்... கொக்..." என்று முறையிட்டுக்கொண்டு அலைந்தது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கருப்பி சத்தமில்லாமல் தெம்பாக உலாத்துகிறது. சந்தேகப்பட்டுத் துப்பறிந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு கொட்டாங்குச்சி. அதில் தெளிந்த தண்ணீர். அம்மா நாளைக்கு ஐந்து தடவை யாருக்கும் தெரியாமல் நிரப்புகிறாள். ஹெட்கிளார்க்கின் டிராயர்!

"அம்மா! முட்டி வலிக்குதுன்னுதானே இவ்வளவும் பண்ணினோம்?"

"ஒரு கொட்டாங்குச்சி தண்ணிக்கு முட்டி வலிக்காது. அதுக்கு வயசாயிடுச்சுடா. இனிமே எங்க கத்துக்கும்?"

ஒரு மாசம் முடிந்தது. மாத்தூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் செலவான இடத்தில் இரண்டு லிட்டர். வாரம் ஒரு தடவை அப்பா பைப்பைக் கழற்றி அலசுவார். அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டுத் தேதி எழுதுகிறார். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளும் அதில் உண்டு. 1928-ல் ராணிக்கேத் என்ற மலை ஊரில் நம் நாட்டில் கண்டறிந்ததால் அதற்கு ராணிக்கேத் நோய் என்றே பெயர். வந்தால் கொட்டகையே காலி. மருந்தைக் குடிக்கிற தண்ணீரிலேயே கலந்து தரலாம், ஆனால் மெட்ரோ வாட்டரில் இருக்கும் குளோரின் மருந்தில் உள்ள உயிர்க் கிருமியைக் கொன்றுவிடும், அன்றைக்கு மட்டும் குளோரின் இல்லாத தண்ணீர் என்று மாதவரத்து டாக்டர் சொன்னதை, அப்பா சிவப்பு இங்க்கில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்.

*

ஆகஸ்டில் காஞ்சிபுரத்தில் ஒரு காது குத்து. மறுபடி ஒரு ராத்திரி தங்க வேண்டும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா கேட்டாள்:

"எதிர்வீட்டுல இந்தத் தடவையாவது சொன்னியாடா?"

'இந்தத் தடவையாவது.'

மே மாதத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பி வந்த அன்றைக்கே எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டிருப்பாள். மூன்று மாசம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சொன்னேம்மா" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "நெஜமா சொன்னேன்."

"சரி, ஜன்னலை மூடு. காத்து அடிக்குது" என்றாள்.

சொன்னேன்தான். பக்கெட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆனால் கொட்டாங்குச்சியைப் பற்றிச் சொல்லவில்லை என்பது செங்கல்பட்டு தாண்டியதும் ஞாபகம் வந்தது. அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. எதிர்வீட்டு அக்காவின் போன் எடுக்கப்படவேயில்லை. அன்று ராத்திரி காஞ்சிபுரத்தில் நான் தூங்கவில்லை. வெளியே நல்ல புழுக்கம்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் நான் சமையலறை ஜன்னலுக்கு ஓடினேன். பின்னாலேயே என் பையன்.

"அப்பா, அங்க பாருங்க!"

கொட்டாங்குச்சி காய்ந்து கிடந்தது. பைப் அருகில் கருப்பி நின்றிருந்தது. நின்றிருந்தது என்ன, ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடி, 'டிக்... டிக்... டிக்...' என்று நிப்பிளில் குடித்துக்கொண்டிருந்தது. தடுமாற்றம் இல்லை, ஒரு சொட்டு சிந்தல் இல்லை. ஒரே ராத்திரியில் கற்றுக்கொண்ட கை... மன்னிக்கவும், அலகு இல்லை அது. பல வாரம் பழகிய அலகு.

அம்மா கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம். கருப்பி தலையைத் தூக்கியது. இரண்டு இறக்கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி ஓடி, காய்ந்த கொட்டாங்குச்சியின் எதிரில் போய் நின்று, "கொ...க், கொ...க்" என்று ஒரு அழுகை!

"அய்யோ என் கண்ணு, ரெண்டு நாளா தொண்டை காஞ்சு கிடந்தியா?" என்று அம்மா சொம்போடு ஓடினாள்.

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க. அதுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரிஞ்சிருக்கும்."

"இது ஃபிராடு! தெரிஞ்சுகிட்டே தெரியாத மாதிரி..."

"ஒன்பது வருஷமா உங்களுக்குக் காப்பி போடத் தெரியாதுன்னு நான் நம்பலையா?" என்றபடி அடுப்பைப் பற்ற வைத்தாள்.